தாகம் எடுக்காத உடம்பு: சோடியம் ஏறினால் தசை ஏன் சிதைகிறது?

கீழே விழவில்லை. அடிபடவில்லை. ஓடியாடி வேலை செய்யவும் இல்லை. ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடாமல் கட்டிலோடு கிடந்த 72 வயது அம்மா ஒருவர், பேச்சு கொஞ்சம் குழறுகிறது, காலைத் தூக்க முடியவில்லை என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரத்தப் பரிசோதனையில் சோடியம் 168, தசைச் சிதைவைக் காட்டும் சி.பி.கே. 14,000. "தசை சிதைஞ்சிருக்கு, கிட்னியை உடனே பார்க்கணும்" என்கிறார் டாக்டர். வீட்டில் உள்ளவர்களுக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. படுத்தே இருந்தவருக்குத் தசை எப்படிச் சிதையும்? உப்புக்கும் தசைக்கும் என்ன சம்பந்தம்?

இந்த அம்மா விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்ட உதாரணம்தான், ஆனால் இந்த மாதிரி எண்களோடு நிஜமாகவே நோயாளிகள் வருகிறார்கள். சோடியத்துக்கும் தசைக்கும் நடுவில் யாரும் கவனிக்காத ஒரு கண்ணி இருக்கிறது. அது தாகம். அங்கே போய்ச் சேர, முதலில் அந்த 168 என்ற எண் எதைச் சொல்கிறது என்று பார்க்கணும்.

அந்த எண் தண்ணீரைப் பற்றியது

ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். 145ஐத் தாண்டினால் ஹைப்பர்நட்ரீமியா என்று பெயர், 160ஐத் தாண்டிவிட்டால் கடுமையான நிலை. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் வீட்டில் வரும் முதல் கேள்வி, "சமையலில் உப்பு அதிகமாப் போட்டுட்டோமா?" என்பதுதான். பெரும்பாலும் அது காரணமே இல்லை. அடுப்பில் ரசத்தை மறந்துவிட்டால் வற்றி உப்புக் கரிக்கிறதே, அதில் யாரும் புதிதாக உப்புப் போடவில்லை, தண்ணீர்தான் போய்விட்டது. சோடியம் 168 என்றால் முக்கால்வாசி நேரம் அதற்கு இதுதான் அர்த்தம்.

எவ்வளவு தண்ணீர் போயிருக்கும் என்று கணக்கே போடலாம். அந்த அம்மாவின் எடை 50 கிலோ. வயதான பெண்களின் உடம்பில் ஏறத்தாழ 45 சதவீதம் தண்ணீர், அதாவது இவருக்கு 22.5 லிட்டர். 168ஐ 140ஆல் வகுத்தால் 1.2. அதில் ஒன்றைக் கழித்தால் 0.2. இதை 22.5ஆல் பெருக்கினால் 4.5 லிட்டர். வார்டில் டாக்டர்கள் மனக்கணக்காகப் போடும் சூத்திரம் இது. நாலரை லிட்டர் என்றால் பெரிய வாட்டர் பாட்டில் நாலரை. இவ்வளவு தண்ணீர் குறைந்தும் அந்த அம்மா ஒரு தடவைகூடத் "தண்ணி குடு" என்று கேட்கவில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்.

ரத்தத்தில் உப்பின் அடர்த்தி ஏறினால் செல்களுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே இழுக்கப்படும். உப்புப் போட்டுப் பிசறி வைத்த மாங்காய்த் துண்டு நீர் விட்டுச் சுருங்குவதும் இப்படித்தான். மூளைச் செல்லும் சுருங்கும், அதனால்தான் குழப்பம், தூக்கக் கலக்கம், வலிப்பு எல்லாம். தசைச் செல்லும் சுருங்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தாகம் எங்கே பிறக்கிறது

தொண்டை வறண்டால் தாகம் எடுக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையான காவலாளி மூளையில் இருக்கிறார். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற சின்னப் பகுதி உண்டு. அதன் முன்புறச் சுவரை ஒட்டி, ரத்தத்தின் அடர்த்தியை எந்நேரமும் அளந்துகொண்டே இருக்கும் நரம்புச் செல்கள் இருக்கின்றன. ரத்தம் ஒன்றிரண்டு சதவீதம் கெட்டியானாலே இவை கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்ததும் இரண்டு உத்தரவுகள் போகும்.

1. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து வாசோபிரசின் என்ற ஹார்மோன் வெளியாகும். ஏ.டி.எச். என்பதும் இதுதான். இது சிறுநீரகத்திடம் "தண்ணீரை விடாதே, திரும்ப எடு" என்று சொல்லும். சிறுநீர் குறைந்து, அடர் மஞ்சளாகும்.

2. அடர்த்தி இன்னும் கொஞ்சம் ஏறினால் தாகம் எடுக்கும். கை தானாகச் சொம்பைத் தேடும்.

இந்த இரண்டில் எது பெரிய பாதுகாப்பு என்று கேட்டால், பலர் சிறுநீரகத்தைச் சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள், சிறுநீரகத்தால் இருக்கும் தண்ணீரைச் சேமிக்க மட்டும்தான் முடியும், இல்லாத தண்ணீரை அதால் உண்டாக்க முடியாது. எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் கழிவுகளைக் கரைத்து வெளியே அனுப்ப நாளுக்கு அரை லிட்டர் சிறுநீராவது போகணும். மூச்சிலும் தோலிலும் நமக்குத் தெரியாமலே இன்னும் முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் போகும். கத்திரி வெயிலிலும் காய்ச்சலிலும் இது பல மடங்கு. போனதை உள்ளே கொண்டுவர ஒரே வழி குடிப்பது. குடிக்க வைப்பது தாகம்.

இதற்கு நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. டயாபடீஸ் இன்சிபிடஸ் என்று ஒரு நோய். பெயரில் டயாபடீஸ் இருந்தாலும் சர்க்கரைக்கும் இதற்கும் தொடர்பில்லை, அந்தக் குழப்பத்துக்காகவே 2022ல் பெயரை மாற்றி வாசோபிரசின் குறைபாடு என்று அழைக்கலாம் என முடிவு செய்தார்கள். இவர்களுக்கு ஹார்மோன் சுரக்காது. நாளுக்கு 10 லிட்டர் சிறுநீர்கூடப் போகும். அப்படிப் போயும் பெரும்பாலோருக்குச் சோடியம் நார்மலாகவே இருக்கும், ஏனென்றால் தாகம் அவர்களை விடாது, ராத்திரி எழுந்து எழுந்து குடிப்பார்கள். சிறுநீரகக் காவல் முழுதாக உடைந்தாலும் தாகம் இருந்தால் தப்பிக்கலாம். தாகம் உடைந்தால் சிறுநீரகம் மட்டும் இருந்து காப்பாற்ற முடியாது.

தாகம் எப்படிக் கெட்டுப்போகும்

தாகமே எடுக்காத நிலைக்கு அடிப்சியா என்று பெயர். அரிது, ஆனால் வந்தால் ஆபத்து. காரணங்கள் எல்லாம் ஒரே எடையில் இல்லை, அதனால் கொஞ்சம் விரித்தும் சுருக்கியும் சொல்கிறேன்.

1. அளக்கும் இடமே அடிபடுவது. மூளையின் முன்பக்கம் இரண்டு ரத்தக்குழாய்களை இணைக்கும் ஒரு சிறு தமனி உண்டு. அதில் வீக்கம் வந்து வெடித்தாலோ, அதை அடைக்க அறுவை சிகிச்சை செய்யும்போதோ, அங்கிருந்து கிளைக்கும் மெல்லிய குழாய்கள் பாதிக்கப்படலாம். தாக உணர்விகளுக்கு ரத்தம் போவது அந்த வழியாகத்தான். கிரேனியோபேரிஞ்சியோமா, ஜெர்மினோமா போன்ற கட்டிகள், சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய், தலைக்காயம் ஆகியவையும் அதே இடத்தைத் தாக்கக்கூடும். இவர்களில் பலருக்கு வாசோபிரசினும் சேர்ந்தே போய்விடும். ஒரு பக்கம் சிறுநீராகத் தண்ணீர் கொட்டும், இன்னொரு பக்கம் குடிக்கத் தோன்றாது. மோசமான சோடியம் எண்களை இந்தக் கூட்டணியில்தான் பார்க்கிறோம்.

2. உடம்பின் எதிர்ப்பு சக்தியே உணர்வியைத் தாக்குவது. மூளை ஸ்கேனில் எதுவும் தெரியாமல் தாகம் இழந்த ஒரு நோயாளியிடம், மூளையின் சோடியம் உணரியைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருந்ததை ஜப்பான் ஆய்வாளர்கள் 2010ல் வெளியிட்டார்கள். மூளையில் கட்டி எதுவும் இல்லாமலும் தாகம் போகும் என்பதற்கு அது நல்ல விளக்கமாக அமைந்தது.

3. வயது. நம் வீடுகளில் அதிகம் பொருந்துவது இதுதான். 1984ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆரோக்கியமான வயதான ஆண்களையும் இளைஞர்களையும் 24 மணி நேரம் தண்ணீர் இல்லாமல் வைத்துப் பார்த்தார்கள். முதியவர்களின் ரத்தம் நன்றாகவே கெட்டியாகியிருந்தது, ஆனால் தாகமும் வாய் வறட்சியும் இளைஞர்களைவிடக் குறைவாகவே தெரிந்தது. அதன்பின் தாராளமாகத் தண்ணீர் கொடுத்தபோதும் குறைவாகவே குடித்தார்கள். இவர்கள் நோயாளிகள் இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

4. தாகம் இருக்கும், சொல்ல முடியாது. பக்கவாதம், மறதி நோய், மயக்க மருந்து, கைக்குழந்தை. கறாராகச் சொன்னால் இது அடிப்சியா ஆகாது, ஆனால் ரத்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. "தண்ணி குடிச்சா அடிக்கடி பாத்ரூம் போகணும், ராத்திரி உங்களை எழுப்பணும்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள், குறிப்பாகப் பெண்கள், வேண்டுமென்றே குடிக்காமல் இருப்பார்கள். ஏற்கெனவே மங்கிய தாகம், அதை அடக்கிக்கொள்ளும் பழக்கம், பிரஷருக்குக் கொடுத்த நீர் போகும் மாத்திரை, இரண்டு நாள் காய்ச்சல் என்று எல்லாம் ஒன்றுசேர்ந்தால் 150 என்பது சீக்கிரமே வந்துவிடும்.

கட்டில் பக்கத்து ஸ்டூலில் சொம்பு இருக்கும், மேலே தட்டு மூடியிருக்கும். மகள் வந்து "தாகமா இருக்காம்மா?" என்பார். "இல்ல" என்பார் அம்மா. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு நிஜமாகவே தாகம் இல்லை. தட்டைத் தூக்கிப் பார்த்தால் காலையில் ஊற்றிய தண்ணீர் விளிம்பு வரை அப்படியே இருக்கும். அந்தக் கேள்விக்குப் பதிலாகச் சொம்பைப் பார்த்திருந்தால் விஷயம் மூன்று நாள் முன்பே தெரிந்திருக்கும்.

சரி, தசை ஏன் சிதைகிறது

தசைச் செல் சிதைந்து உள்ளிருப்பது ரத்தத்தில் கொட்டுவதற்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். இடிபாடுகளில் சிக்குவது, மணிக்கணக்கில் அசையாமல் கிடப்பது, கடும் வெயிலில் உழைப்பு, மது, சில மருந்துகள் ஆகியவை இதற்குத் தெரிந்த காரணங்கள். சோடியம் ஏறுவது இந்தப் பட்டியலில் கொஞ்சம் ஒதுங்கி நிற்பதால் பலரும் அதை நினைப்பதில்லை. ஏன் என்று புரிய, ஒரு சாதாரணத் தசைச் செல்லின் உள்நிலவரம் தெரியணும்.

செல்லுக்கு வெளியே சோடியம் 140 என்றால் உள்ளே 10, 12தான். பொட்டாசியம் நேர்மாறாக உள்ளே 140க்கு மேல், வெளியே 4. கால்சியத்தில் வித்தியாசம் இன்னும் பயங்கரம், உள்ளே இருப்பதைவிட வெளியே சுமார் 10,000 மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வைக் காப்பது செல்லின் சவ்வில் உள்ள ஒரு பம்ப். மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஆற்றலைச் செலவழிக்கும். 1957ல் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ இதைக் கண்டறிந்து எழுதினார், நாற்பது ஆண்டு கழித்து 1997ல் நோபல் பரிசு கிடைத்தது. நாம் சும்மா படுத்திருக்கும்போதும் இந்தப் பம்ப் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இப்போது வெளியே சோடியம் 168 ஆகிறது. அப்போது நடப்பதாக மருத்துவத்தில் சொல்லப்படும் வரிசை இது:

1. தண்ணீரை இழந்து தசைச் செல் சுருங்குகிறது. சவ்வு நெருக்கடிக்கு உள்ளாகிறது.

2. பம்ப் தன் வேலையில் பின்தங்குகிறது. உள்ளே சோடியம் சேரத் தொடங்குகிறது. ஏற்கெனவே உடம்பில் தண்ணீர் குறைந்து ரத்த ஓட்டமும் மந்தமாக இருப்பதால், தசைக்கு ஆக்ஸிஜனும் எரிபொருளும் வேண்டிய அளவு வருவதில்லை. பம்புக்குக் கரண்டே சரியாக வராத நிலை.

3. கால்சியத்தை வெளியேற்றும் வாயில்களில் ஒன்று, சோடியம் உள்ளே நுழையும் வேகத்தைப் பயன்படுத்தித்தான் கால்சியத்தைத் தள்ளுகிறது. உள்ளே சோடியம் சேர்ந்துவிட்டால் அந்த உந்துதல் குறைகிறது. கால்சியம் உள்ளேயே தங்குகிறது.

4. தசைக்குக் கால்சியம் என்றால் "இறுக்கு" என்ற உத்தரவு. உத்தரவு நிற்காமல் வந்தால் தசை இழைகள் இறுகியபடியே ஆற்றலைக் கரைக்கும். அதோடு, கால்சியத்தால் தூண்டப்படும் நொதிகள் செல்லின் புரதங்களையும் சவ்வையும் அரிக்க ஆரம்பிக்கும். ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் பழுதாகும்.

5. சவ்வு கிழிகிறது. உள்ளிருந்த பொட்டாசியம், பாஸ்பேட், மயோகுளோபின், கிரியேட்டின் கைனேஸ் எல்லாம் ரத்தத்தில் கொட்டுகின்றன.

இதில் பொட்டாசியத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். தண்ணீர் குறைந்த உடம்பு ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனைக் கூட்டும், அது சிறுநீரில் பொட்டாசியத்தை வெளியே விடும். அதனால் தாகம் கெட்ட சிலருக்குச் சோடியம் ஏறும் அதே சமயம் பொட்டாசியம் இறங்கியிருக்கும். தசை வேலை செய்யும்போது அது விடும் பொட்டாசியம்தான் அருகிலுள்ள ரத்தக்குழாய்களை விரிக்க உதவுகிறது. அது பற்றாக்குறையானால் தசைக்கு ரத்தமும் பற்றாக்குறை. குறைந்த பொட்டாசியம் தனியாகவே தசையைச் சிதைக்கக்கூடியது, ஏறிய சோடியத்தோடு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சோடியம் ஏறிய எல்லோருக்கும் தசை சிதைவதில்லை. எவ்வளவு ஏறியது, எத்தனை நாள் நீடித்தது, பொட்டாசியமும் பாஸ்பேட்டும் எப்படி இருந்தன, கொழுப்பு மாத்திரையான ஸ்டாட்டின் போல வேறு காரணம் உண்டா என்பதைப் பொறுத்தது. சோடியம் மிகவும் குறைந்தாலும் தசை சிதையலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனநோயால் லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடித்துச் சோடியம் சரிந்தவர்களிடம் இது பதிவாகியிருக்கிறது. தசைக்கு இரண்டு ஓரமும் பள்ளம்தான்.

சிதைந்த தசை சும்மா இருக்காது

1941ல், லண்டன் மீது ஜெர்மனி குண்டு வீசிக்கொண்டிருந்த காலத்தில், இடிபாடுகளில் மணிக்கணக்கில் நசுங்கிக் கிடந்து மீட்கப்பட்ட நால்வரைப் பற்றி பைவாட்டர்ஸ், பீல் என்ற இருவர் எழுதினார்கள். மீட்டபோது நன்றாகத் தெரிந்தவர்கள், பிறகு சிறுநீர் குறைந்து இறந்தார்கள். அடிபட்டது கால், நின்றது சிறுநீரகம். தசையிலிருந்து வரும் பொருள்தான் சிறுநீரகத்தை அடைக்கிறது என்ற புரிதல் அங்கிருந்து வளர்ந்தது.

அந்தப் பொருள் மயோகுளோபின். தசைக்குச் சிவப்பு நிறம் கொடுப்பது அதுதான். ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போனால் நுண்குழாய்களில் உறைந்து அடைக்கும், அதில் உள்ள இரும்பு அங்குள்ள செல்களை நேரடியாகவும் கெடுக்கும், சிறுநீரகத்தின் ரத்தக்குழாய்களையும் சுருக்கும். சிறுநீர் ஏற்கெனவே குறைவாக, கெட்டியாக இருக்கும் உடம்பில் இந்த அடைப்பு இன்னும் சுலபம். வெறும் தசைச் சிதைவைவிட, தண்ணீர் வற்றிய உடம்பில் வரும் தசைச் சிதைவு சிறுநீரகத்துக்கு ஆபத்தாவது இதனால்தான்.

இதைவிட அவசரமானது பொட்டாசியம். உடம்பின் பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது, அதிலும் பெரும்பங்கு தசையில். சிதைந்த தசை அதை வெளியே விட, சிறுநீரகமும் வெளியேற்ற முடியாமல் நிற்க, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தாறுமாறாகும். ஆரம்பத்தில் பொட்டாசியம் குறைவாக இருந்தவருக்கே ஒரு நாள் கழித்து அது ஏறிவிடலாம். முதல் ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதியாகி இருந்துவிடக் கூடாது.

ரிப்போர்ட்டில் எதை எதோடு சேர்த்துப் படிப்பது

சி.பி.கே. என்று லேப்பில் எழுதுவது கிரியேட்டின் கைனேஸைத்தான். சாதாரணமாக 200க்குள் இருக்கும். உச்ச வரம்பைப்போல ஐந்து மடங்கு, அதாவது சுமார் 1,000ஐத் தாண்டினால் தசைச் சிதைவு என்பார்கள். 5,000ஐத் தாண்டினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து கூடுகிறது. ஒரு லட்சத்தைத் தொடுவதும் உண்டு. சிதைவு தொடங்கிய ஒன்றிலிருந்து மூன்று நாளில்தான் இது உச்சத்துக்குப் போகும், அதனால் சோடியம் இறங்கத் தொடங்கிய பிறகும் சி.பி.கே. ஏறிக்கொண்டிருந்தால் சிகிச்சை தவறு என்று முடிவுகட்ட வேண்டாம்.

சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகலாம். நம் ஊரில் சிறுநீர் கருத்தால் உடனே மஞ்சள்காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து இரண்டு நாள் பார்ப்பார்கள். போதாக்குறைக்கு ரத்தப் பரிசோதனையில், கல்லீரலுக்காகப் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதியும் ஏறியிருக்கும், அதைப் பார்த்துக் கல்லீரல் என்று நினைக்கவும் வாய்ப்பு உண்டு. எஸ்.ஜி.ஓ.டி. தசையிலும் இருக்கிறது. மஞ்சள்காமாலையைக் காட்டும் பிலிருபின் நார்மலாக இருந்து எஸ்.ஜி.ஓ.டி. மட்டும் தூக்கலாக இருந்தால் சி.பி.கே. கேட்டுப் பார்ப்பது நல்லது. இன்னொரு துப்பும் இருக்கிறது: சிறுநீரில் நனைக்கும் பட்டை "ரத்தம் இருக்கிறது" என்று நிறம் மாறும், ஆனால் மைக்ராஸ்கோப்பில் சிவப்பணுவே தெரியாது. பட்டை கண்டுபிடித்தது மயோகுளோபினை.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு எச்சரிக்கை. சுகர் 600, 700 என்று ஏறியிருக்கும்போது அது செல்களிலிருந்து தண்ணீரை இழுத்து ரத்தத்தில் சேர்ப்பதால், சோடியம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். சுகர் 100க்கு மேல் ஏறும் ஒவ்வொரு 100க்கும் சோடியத்தோடு 1.6 கூட்டிப் பார்ப்பது பழைய வழக்கம். 700 சுகரில் 145 என்று வந்தால், கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 155.

வலி இல்லை என்பதால் தசை நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. குழப்பத்தில் இருப்பவர் வலியைச் சொல்ல மாட்டார். தொடையைத் தொட்டால் முகம் சுளிப்பார், எழுப்பி நிறுத்தினால் முழங்கால் மடங்கும். "வயசாயிடுச்சு, அதான்" என்று அதைத் தள்ளிவிடுவது எல்லோர் வீட்டிலும் நடக்கிறது.

சிகிச்சையில் உள்ள இழுபறி

தண்ணீர் குறைந்தது, தண்ணீர் ஏற்றினால் தீர்ந்தது என்று தோன்றும். அவ்வளவு சுலபம் இல்லை, ஏனென்றால் இரண்டு பிரச்சினைகளும் இரண்டு பக்கம் இழுக்கின்றன.

தசைச் சிதைவு வேகமாக நிறையத் திரவம் கேட்கும். மணிக்கு 200 மில்லிக்கு மேல் சிறுநீர் போகும் அளவுக்கு ஏற்றி, மயோகுளோபினைக் கழுவித் தள்ள வேண்டும் என்பது வழக்கமான இலக்கு. ஏற்றுவது பெரும்பாலும் நார்மல் சலைன் என்ற உப்பு நீர். அதில் லிட்டருக்கு 154 சோடியம்.

சோடியமோ மெதுவாக இறங்கணும். இரண்டு நாளுக்கு மேல் ஏறியிருந்தால் மூளைச் செல்கள் அதற்குள் தங்களுக்குள் கரைபொருள்களைச் சேர்த்துச் சமாளித்திருக்கும். அப்போது திடீரென்று ரத்தத்தை நீர்த்தால், தண்ணீர் மூளைக்குள் பாய்ந்து வீங்கும். அதனால்தான் நாளுக்கு 10 முதல் 12க்கு மேல் இறக்க வேண்டாம் என்ற விதி. பெரியவர்களிடம் இதைவிடக் கொஞ்சம் வேகமாக இறங்கினாலும் கெடுதல் தெரியவில்லை என்று அண்மை ஆய்வுகள் சொல்வதால், மெதுவாகப் போகிறேன் என்று சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவைப்பதும் தவறு என்ற கருத்து வலுத்து வருகிறது. குழந்தைகளுக்கு அந்தத் தளர்வு கிடையாது.

பிரஷர் விழுந்திருந்தால் முதலில் சலைன்தான், ரத்த ஓட்டம் இல்லாமல் வேறு எதுவும் நடக்காது. 168 உள்ளவருக்கு 154 நீர்த்த திரவமே என்பது ஆறுதல். பிரஷர் நிலைப்பட்ட பிறகு பாதி உப்புள்ள அரை சலைன், ஐந்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்ற குளுக்கோஸ் நீர், அல்லது மூக்கு வழியாகப் போட்ட ரைல்ஸ் குழாயில் வெறும் தண்ணீர். சாதாரணக் குடிநீர்கூட இங்கே மருந்துதான் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். அந்த அம்மாவுக்கு 168லிருந்து 145க்கு வர 23 இறங்கணும், ஆக கிட்டத்தட்ட இரண்டு நாளாவது ஆகும். நாலரை லிட்டர் கடனோடு அன்றாடம் போகும் தண்ணீரையும் சேர்த்துக் கொடுக்கணும். அதே சமயம் 72 வயது இதயம் இவ்வளவு திரவத்தையும் தாங்கணும். இதனால்தான் ஐ.சி.யூ.வில் நாலு மணி, ஆறு மணிக்கு ஒரு தடவை ரத்தம் எடுக்கிறார்கள். "எத்தனை தடவைதான் குத்துவாங்க" என்ற கோபம் நியாயமானதே, ஆனாலும் அந்த எண் தெரியாமல் அடுத்த பாட்டில் எது என்று முடிவு செய்ய முடியாது.

தசைச் சிதைவுக்குச் சில இடங்களில் கொடுக்கும் சோடியம் பைகார்பனேட்டை இங்கே மிகவும் யோசித்தே கொடுப்பார்கள், பெயரிலேயே சோடியம் இருக்கிறது. கால்சியம் குறைந்து தெரிந்தாலும், வலிப்போ துடிப்புக் கோளாறோ இல்லாவிட்டால் ஏற்றாமல் விடுவார்கள், தசைக்குள் போய் ஒளிந்த கால்சியம் பிறகு தானே திரும்பி வரும். இவ்வளவும் செய்தும் பொட்டாசியம் அடங்காவிட்டால், சிறுநீர் வராவிட்டால், டயாலிசிஸ். தசைச் சிதைவால் டயாலிசிஸ் என்றால் வாழ்நாள் முழுக்க என்று பயப்பட வேண்டாம். ஏற்கெனவே கெடாத சிறுநீரகமாக இருந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் மீண்டுவிடும்.

உப்பு உள்ளே போகும் வழி

தண்ணீர் குறைவதே பெரிய காரணம் என்றேன், ஆனால் உப்பு நேரடியாக உள்ளே போய் விபரீதமாவதும் நம் வீடுகளில் நடக்கிறது. இரண்டு சொல்கிறேன்.

ஒன்று, ஓ.ஆர்.எஸ். பாக்கெட். உலக சுகாதார நிறுவனம் 2002ல் மாற்றியமைத்த கலவையில், பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் லிட்டருக்கு 75 சோடியம். ரத்தத்தில் இருப்பதில் பாதிதான், நல்லது. அதையே "சீக்கிரம் குடிக்கட்டும்" என்று 200 மில்லி டம்ளரில் கொட்டிக் கலக்கினால் ஐந்து மடங்கு, 375. ரத்தத்தில் இருப்பதைவிட இரண்டரை மடங்குக்கு மேல் உப்பான தண்ணீரை, தாகம் சொல்லத் தெரியாத குழந்தைக்கோ முதியவருக்கோ புகட்டுகிறோம். 200 மில்லிக்கென்று சின்ன பாக்கெட்டும் கடையில் கிடைப்பதால் குழப்பம் வருகிறது. பாக்கெட்டின் பின்னால் அளவு எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டே கலக்க வேண்டும்.

இரண்டு, விஷம் குடித்தவருக்கு வாந்தி வரவழைக்க உப்புத் தண்ணீர் புகட்டுவது. ஒரு டீஸ்பூன் உப்பில் ஏறத்தாழ 100 மில்லிமோல் சோடியம். கைப்பிடி கைப்பிடியாகக் கரைத்து ஊற்றி, வாந்தியும் வராமல் போனால், அந்த உப்பு முழுக்க ரத்தத்துக்குப் போகும். இதனால் உயிர் போனதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், 108ஐக் கூப்பிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

தாகம் திரும்பாதவர்கள் எப்படி வாழ்வது

முதுமை, காய்ச்சல் காரணமென்றால் அந்த நெருக்கடி தீர்ந்ததும் சோடியம் சீராகிவிடும், சி.பி.கே.யும் சில நாட்களில் இறங்கிவிடும், கால்களுக்குப் பழைய வலு வரத்தான் வாரங்கள் ஆகும். மூளையில் அந்த இடம் கெட்டவர்களுக்குத் தாகம் பெரும்பாலும் திரும்பாது. அவர்களுக்குத் தண்ணீர் என்பது மாத்திரை மாதிரி, நேரம் பார்த்துக் குடிக்க வேண்டியது.

1. தினமும் எவ்வளவு என்று டாக்டர் ஓர் அளவு சொல்வார், பலருக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். அதைப் பாட்டில்களில் அளந்து வைத்து, மொபைலில் அலாரம் போட்டுப் பிரித்துக் குடிக்கணும்.

2. காலையில் எழுந்து பாத்ரூம் போய்வந்ததும் எடை பார்க்கணும். சோடியம் சரியாக இருந்த நாளின் எடைதான் அளவுகோல். ஒரே இரவில் கொழுப்பு ஏறாது, இறங்காது, ஆகவே ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் தண்ணீர் குறைந்தது என்று அர்த்தம், அன்று அதையும் சேர்த்துக் குடிக்கணும்.

3. வாசோபிரசினும் இல்லாதவர்கள் அதற்குப் பதிலாக டெஸ்மோபிரசின் என்ற மருந்தை எடுப்பார்கள். தாகம் என்ற காவல் இல்லாமல் இந்த மருந்தை எடுக்கும்போது, தண்ணீர் கூடிவிட்டால் சோடியம் மறுபக்கம் சரியும். அளவை நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

4. சோடியம் நிலைப்படும் வரை வாரம் ஒரு பரிசோதனை.

5. காய்ச்சல், பேதி, வெயிலில் பயணம் வந்தால் வழக்கமான அளவு போதாது, அன்றே டாக்டரிடம் கேட்கணும். கால் ஒரு பக்கம் வீங்கினாலும் காட்டணும், சோடியம் ஏறிய நிலையில் இவர்களுக்குக் கால் ரத்தக்குழாய்களில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு.

இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள், அவர்கள் மேலே உள்ள அளவுகளைப் பின்பற்றக் கூடாது. "குறைச்சுக் குடிங்க" என்று சொன்னதை "குடிக்கவே வேண்டாம்" என்று எடுத்துக்கொண்டு சுருண்டு விழுபவர்களும் இருக்கிறார்கள். எத்தனை மில்லி என்று எண்ணாகவே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இரண்டு தகவல் கையோடு கொண்டுபோனால் டாக்டருக்கு மிகவும் உதவும்: கடந்த மூன்று நாளில் உத்தேசமாக எத்தனை டம்ளர் உள்ளே போனது, சிறுநீர் எந்த நிறத்தில் எத்தனை தடவை போனது. வயதானவர் குழம்பிப் பேசி, கால் பலமிழந்து, தண்ணீர் கேட்காமலே இருந்தார் என்றால், சோடியம், பொட்டாசியம் காட்டும் எலக்ட்ரோலைட்ஸ் பரிசோதனையோடு சி.பி.கே.யும் பார்க்கலாமா என்று நீங்களே கேட்கலாம்.